உங்கள் சொந்தச் சபையிடம் பேசுங்கள்: இலங்கையின் மதத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேரர்களுக்கும், குருக்கள்மாருக்கும், மௌலவிமாருக்கும், அருட்தந்தையர்களுக்கும், போதகர்களுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சைவக் குடும்பத்தில் பிறந்தேன். வெள்ளிக்கிழமையில் கோவிலுக்குப் போகாவிட்டால் இன்றைக்கும் மனதுக்கு ஒரு குறையாகத்தான் இருக்கும். மதமே வேண்டாம் என்று சொல்லும் ஒருத்தியின் கடிதம் என்று நினைத்து இதை ஒதுக்கிவைத்துவிடாதீர்கள். மதம் வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த நாட்டில் எங்காவது ஒரு கடை எரிந்தால், ஒரு பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ கல் விழுந்தால், ஒரு கிழமைக்குள் நீங்கள் எல்லோரும் ஒரே மேடைக்கு வருகிறீர்கள். குத்துவிளக்கு ஏற்றுகிறீர்கள். எல்லா மதங்களும் அன்பைத்தான் போதிக்கின்றன, ஒரு சில தீவிரவாதிகள்தான் அதைக் கெடுக்கிறார்கள் என்று ஓர் அறிக்கை வாசிக்கப்படுகிறது. பத்திரிகையில் படம் வருகிறது. சர்வமதக் குழு கலைகிறது. அடுத்த முறை இன்னொரு ஊரில் அதே மேடை, அதே அறிக்கை.

அந்த அறிக்கையில் நான் உடன்படாதது ஒரு வரியோடுதான். "ஒரு சில தீவிரவாதிகள்" என்ற வரி. தீமை செய்தவர்கள் சிலராக இருக்கலாம். ஆனால் அந்தச் சிலரைச் சுற்றி, "அவர்களுக்கு இது வேணும்தான்" என்று வீட்டுக்குள் இருந்து சொன்னவர்கள் சிலர் இல்லை. அவர்கள் பன்சலைக்கும் கோவிலுக்கும் பள்ளிக்கும் சேர்ச்சுக்கும் ஒழுங்காகப் போகிறவர்கள். பொய் சொல்லப் பயப்படுகிறவர்கள், தான தர்மம் செய்கிறவர்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். நீங்கள் கற்றுக்கொடுத்த ஒழுக்கத்தோடுதான் வாழ்கிறார்கள். அந்த ஒழுக்கம் அயலவர் மீது அன்பாகவும் இறங்குகிறது, வெறுப்பாகவும் இறங்குகிறது. எப்போது எதுவாக இறங்குகிறது என்பதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

ஜனாஸா எரிப்பை, அதாவது கொவிட் காலத்தில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்ததை எடுத்துக்கொள்கிறேன். அது முடிந்துபோன கதை என்று நினைக்கிறீர்கள் என்றால், இல்லை.

2020 மார்ச் 30 அன்று கொவிட்டால் இறந்த முதல் முஸ்லிமின் உடல் நீர்கொழும்பில் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 அன்று வந்த வர்த்தமானி, கொவிட்டில் இறக்கும் எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று சட்டமாக்கியது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி கலந்துவிடும் என்று இங்கே காரணம் சொன்னார்கள். இது நீரால் பரவும் நோய் இல்லை என்று நம் நாட்டிலேயே பிறந்த, உலகம் மதிக்கிற நுண்ணுயிரியலாளர் மலிக் பீரிஸ் சொன்னார். இலங்கை மருத்துவச் சங்கமும் புதைக்க அனுமதிக்கலாம் என்றது. எதுவும் எடுபடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசம்பர் 1 அன்று விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாகின. அடுத்த கிழமை, பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் கொழும்பில் எரிக்கப்பட்டது. பெற்றோர் சம்மதிக்கவில்லை. தகப்பன் கையெழுத்துப் போட மறுத்தார். அப்படியும் எரித்தார்கள்.

பிறகு கொழும்பின் பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் ஆட்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் இறந்தவருக்குச் சுற்றும் கபன் துணியின் நிறம். கட்டியவர்களில் முஸ்லிம்கள் மட்டும் இருக்கவில்லை. சிங்களவர் வந்தார்கள், கிறிஸ்தவர் வந்தார்கள். இரவோடு இரவாக அந்தத் துணிகளை யாரோ அகற்றினார்கள். மறுபடியும் ஆட்கள் வந்து கட்டினார்கள்.

2021 பெப்ரவரி கடைசியில் புதைக்க அனுமதி வந்தது. அதற்குள் 200-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் எரிக்கப்பட்டிருந்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. மத பீடங்களில் ஒன்றுகூட, "அந்தப் பதினொரு மாதமும் எங்கள் மக்களிடம் நாங்கள் என்ன சொன்னோம்" என்று தன் கணக்கைத் திறந்து பார்த்ததாக எனக்குப் படவில்லை.

இதை அரசியல் என்று ஒதுக்கிவிடலாம். பெருமளவுக்கு அது அரசியல்தான். ஆனால் அந்த அரசியல் எதன் மேல் நின்றது? இறந்தவரை எரிப்பது எங்களுக்கும் வழமை, பௌத்தர்களுக்கும் பெரும்பாலும் வழமை. எங்களுக்குப் புனிதமாக இருப்பது அவர்களுக்கு ஏன் பிழையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் வீடுகளிலேயே ஓடியது. "ஒரே நாடு, ஒரே சட்டம், எல்லாருக்கும் பொதுதானே" என்று சைவமான, நல்ல மனிதர்கள் என்னிடமே சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் நெறி நல்லது என்று உறுதியாக நம்பினார்கள். அந்த உறுதிதான் அடுத்தவருடைய துக்கத்தை அவர்கள் கண்ணுக்குத் தெரியவிடாமல் செய்தது. அதே டிசம்பரில், எரிப்பதை நிறுத்தக் கூடாது என்று கேட்டுச் சில பிக்குமார் தெருவில் இறங்கினார்கள். அனைத்து உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று தினமும் ஓதுகிற வாய்கள் அவை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் இதே நாட்டில் ஒவ்வொரு வெசாக்கிலும் பார்க்கிறோம். தெருவோரம் தன்சல் போடுகிறார்கள். வண்டியை மறித்து, கையைப் பிடித்து இழுத்து, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். நீ யார், என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. ரமழானில் நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கும் வரும். எங்கள் கோவில் அன்னதானத்தில் யார் வந்து இலையில் உட்கார்ந்தாலும் சோறு விழும். நத்தாருக்குக் கேக் வராத வீடு எங்கள் தெருவில் இல்லை. இதெல்லாம் வேஷம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உங்கள் போதனை விளைந்த இடம் இது, உண்மையான அன்பு.

அப்படியானால் எங்கே இடறுகிறது? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிவது இதுதான். பசித்து வருகிற அந்நியனை நேசிப்பது எங்களுக்குச் சுலபம். அவன் வாங்குகிறவன், நாங்கள் கொடுக்கிறவர்கள், புண்ணியமும் எங்களுக்குத்தான். அதே அந்நியன் எங்களிடம் ஒன்றும் கேட்காமல், தன் முறைப்படி உடுத்துகிறேன், தன் முறைப்படி கும்பிடுகிறேன், தன் முறைப்படி என் பிள்ளையைப் புதைக்கிறேன் என்று எங்கள் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கும்போதுதான் கஷ்டம் வருகிறது. அப்போது அவன் செய்வது எங்கள் ஒழுங்குக்கு ஓர் அவமதிப்பாகப் படுகிறது. மத ஒழுக்கத்துக்கு உண்மையான சோதனை அந்த இடத்தில்தான். தன்சலில் நாம் எல்லோரும் தேறிவிடுகிறோம்.

பிறருடைய பிழையை மட்டும் எழுதிக்கொண்டு போனால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2018 ஏப்ரலில் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக் கூடாது என்று பெற்றோர் வாசலில் நின்று போராடினார்கள். சேலைதான் கல்லூரியின் பண்பாடு என்றார்கள். நானும் சேலை கட்டித்தான் படிப்பித்தேன், சேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஓர் ஆசிரியை தலையை மூடிக்கொண்டு கணக்குப் படிப்பித்தால் எந்தப் பிள்ளையின் சைவம் குறைந்துபோகும்? அதே வருடம் ஜூன் மாதம், யாழ்ப்பாணத்து வரணியில் ஓர் அம்மன் கோவில் தேரை ஜேசிபி இயந்திரத்தால் இழுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் வடத்தில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்கள் என்று செய்தி வந்தது. அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேரில் அம்மன், முன்னால் மஞ்சள் நிற இயந்திரம், வடத்தைப் பிடித்திருக்க வேண்டிய கைகள் எங்கோ தூரத்தில். அவர்கள் அதே மொழி, அதே மதம், அதே அம்மனை அதே பெயர் சொல்லிக் கும்பிடுகிறவர்கள். அவர்களையே அந்நியராக்க முடிந்தவர்களுக்கு முஸ்லிமை அந்நியராக்குவது எவ்வளவு லேசு! குருக்கள்மாரே, "அன்பே சிவம்" என்று நீங்கள் சொல்லாத நாள் இல்லை. அந்தத் தேர்த் திருவிழாவன்று அதை அந்த வீதியில் நின்று யாராவது சொன்னீர்களா?

மன்னாரில் 2019 சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரம் சிவன் கோவிலுக்குப் போகும் வழியில் கட்டிக்கொண்டிருந்த அலங்கார வளைவைக் கத்தோலிக்க மக்கள் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். பக்கத்தில் மாதா ஆலயம், வளைவு அதற்கு மிக அருகில் வருகிறது என்பது அவர்கள் வாதம். ஒரே யுத்தத்தில் ஒரே பதுங்குகுழிக்குள் ஒன்றாக இருந்த சனம் அது. செல் விழுந்தபோது யார் எந்தக் கடவுளைக் கூப்பிட்டார்கள் என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. சமாதானம் வந்த பிறகு ஒரு வளைவுக்காக இழுபட்டார்கள். அருட்தந்தையர்களே, நல்ல சமாரியன் கதையை இயேசு ஒரு மறைநூல் அறிஞருக்குத்தான் சொன்னார். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் ஒதுங்கிப் போனவர்களாக அந்தக் கதையில் வருகிறவர்கள் ஒரு குருவும் ஒரு லேவியரும். கோவில் பணியில் இருந்தவர்கள். அந்தக் கதையை நீங்கள் மக்களுக்குச் சொல்லும்போது, அது முதலில் உங்களை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. 1990 ஆகஸ்ட் 3 இரவு அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100-க்கும் மேற்பட்டோரைத் தமிழ் ஆயுததாரிகள் கொன்றார்கள். அந்த ஊருக்கு அறிவுரை சொல்லும்போது ஒரு தமிழச்சி அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனாலும் மௌலவிமாரே, இதைக் கேட்காமல் விடமுடியவில்லை. 2006 டிசம்பரில் அதே ஊரில், மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்று உலமாக்கள் தீர்ப்புச் சொல்லியிருந்த ஒரு சூபி வழிகாட்டியின் உடல், புதைத்த இடத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. அவரைப் பின்பற்றியவர்கள் தாக்கப்பட்டார்கள். பதினான்கு வருடம் கழித்து ஜனாஸாவை மண்ணுக்குக் கொடுங்கள் என்று இந்தச் சமூகம் நாடு முழுக்கக் கெஞ்சவேண்டி வந்தது. மண்ணை மறுப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போது நாங்கள் எல்லோரும் உணர்ந்தோம். 2006-இல் அது கொடுமையாக ஏன் தெரியவில்லை? 2017-இலும் அதே ஊரில் சூபி மக்கள் மீது கைவைத்த கூட்டம்தான் 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடிக்க வைப்பது வரைக்கும் வந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பொலிஸில் முதலில் முறைப்பாடு செய்தவர்களும் முஸ்லிம்கள்தான் என்பதை இந்த மடலை வாசிக்கும் தமிழர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

ஒரு யூதருடைய பாடை போகும்போது நபிகள் நாயகம் எழுந்து நின்றார், அது யூதருடையது ஆயிற்றே என்று தோழர்கள் சொன்னபோது "அதுவும் ஓர் உயிரல்லவா" என்று கேட்டார் என ஹதீஸில் இருக்கிறது. என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த ஒரு முஸ்லிம் ஆசிரியை சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். எத்தனை ஜும்ஆக்களில் இது சொல்லப்படுகிறது? எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இதைக் கேட்டு வளர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேதங்களைப் பற்றி ஒன்று. உங்கள் எல்லோருடைய நூல்களிலும் அன்பும் இருக்கிறது, வேலியும் இருக்கிறது. தாய் தன் ஒரே பிள்ளையைக் காப்பதுபோல் எல்லா உயிரையும் கருத வேண்டும் என்று புத்தர் சொன்னது இருக்கிறது. தர்மத்தைக் காக்க வாள் எடுத்த மன்னர்களின் கதையும் அதே மரபில்தான் போற்றப்படுகிறது. அந்நியனை உன்னைப்போல் நேசி என்பதும் இருக்கிறது, அந்நிய தெய்வங்களின் பலிபீடங்களை இடித்துப்போடு என்பதும் இருக்கிறது. எங்கள் சைவப் பெரியவர்கள் சமணரைப் பற்றிப் பாடியதெல்லாம் அன்பு மொழி இல்லை. ஆகவே வேதம் அன்பைத்தான் சொல்கிறது என்று சொல்லிவிட்டு ஒருவரும் தப்பிக்க முடியாது. எந்தப் பக்கத்தைத் திறந்து மக்களுக்கு வாசிப்பது என்று ஒவ்வொரு கிழமையும் தீர்மானிக்கிறவர்கள் நீங்கள். அந்தத் தீர்மானத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இது கதையளப்பு இல்லை என்பதற்கு நீர்கொழும்பே சாட்சி. அதே உயிர்த்த ஞாயிறு, 2019 ஏப்ரல் 21 அன்று, அங்கே கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நாடு முழுக்க அன்று 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழிக்குப் பழி வெடிக்கும் என்று எல்லோரும் பயந்தோம். கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் மக்களைப் பார்த்து, முஸ்லிம்கள் மேல் கை வைக்காதீர்கள் என்று சொன்னார். மே மாத ஆரம்பத்தில் அங்கே கலவரம் தொடங்கியபோது நேரில் போனார், பள்ளிவாசலுக்கும் போனார். பொதுவாக "அமைதி காப்போம்" என்று மேடையில் வாசிக்காமல், கோபத்தில் இருந்த தன் சொந்தச் சனத்திடம் சொன்னார். அதன் பலனைக் கண்டோம். அந்தப் பெரிய துக்கத்துக்கு முன்னால், நீர்கொழும்பு பற்றி எரிந்து போயிருக்கலாம், எரியவில்லை.

ஆனால் அதே ஊரிலேயே இன்னொன்றும் நடந்தது. பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஓடிவந்து அங்கே வாடகைக்கு இருந்த அகதிகளை வீட்டை விட்டு எழுப்பினார்கள். அவர்களில் அகமதியர்கள் இருந்தார்கள், பாகிஸ்தானியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தங்கள் நாட்டில் மதத்தின் பேரில் துரத்தப்பட்டு வந்தவர்கள், இங்கேயும் துரத்தப்பட்டு ஒரு பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் கிடந்தார்கள். கிறிஸ்தவர்களைக் கொன்றதற்குக் கோபப்பட்ட சனம் கிறிஸ்தவ அகதிகளையே வெளியே போகச் சொன்னது. பெயர் சொல்லிக் காப்பாற்றப்பட்டவர்கள் பிழைத்தார்கள், பெயர் சொல்லப்படாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பொதுவாக அன்பைப் பற்றிப் பேசுவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தன் சனத்திடம் பேசியதற்கு விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். வட்டரக்க விஜித தேரரை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சு தவறு என்று ஒரு பிக்குவாக நின்று சொன்னார். அவருடைய ஊடகச் சந்திப்புக்குள் பொது பல சேனா என்ற தீவிர பௌத்த அமைப்பு புகுந்து குழப்பியது. அளுத்கமவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்த அதே 2014 ஜூனில், கைகால் கட்டப்பட்டுக் காயங்களோடு பாணந்துறைப் பக்கம் அவர் கண்டெடுக்கப்பட்டார். பின்னர் பொலிஸ் அவரையே கைது செய்தது. தேரர்களே, அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தில் இருப்பவர்கள் ஒரே குரலில் பேசியிருந்தால் அந்த ஒரு பிக்கு அவ்வளவு தனியாக நின்றிருக்கமாட்டார். மற்ற மதத் தலைவர்களைவிட உங்களிடம் நான் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணமும் அதுதான். இந்த நாட்டில் உங்கள் ஒரு சொல் ஒரு வர்த்தமானியையே நிறுத்தக்கூடியது.

இனி இரண்டு இடங்கள்.

புதைக்க அனுமதி வந்தவுடன் அரசாங்கம் முதலில் காட்டிய இடம் இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்துத் தீவு. கத்தோலிக்க மீனவர்கள் வாழும் இடம். 1992-இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டு காத்திருந்து, 2018-இல் படகேறித் தாங்களாகவே திரும்பிப் போய்க் குடியேறியவர்கள். அவர்கள் இந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள், பங்குத் தந்தையும் அவர்களோடு நின்றார். அவர்களை வெறுப்புக்காரர் என்று சொல்ல என்னால் முடியாது. எவ்வளவோ கஷ்டப்பட்டு மீட்ட மண் அது. கடல் தாண்டி ஒரு தீவுக்கு உடல்களைக் கொண்டுபோகச் சொன்னதை முஸ்லிம்களே அவமானமாகத்தான் எடுத்தார்கள். இரண்டு சிறுபான்மையினரை மோதவிடும் வேலை என்று இரண்டு பக்கமும் சொன்னது. சரிதான்.

கடைசியில் கிடைத்த இடம் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடி, மஜ்மா நகர். 2021 மார்ச் 5 அன்று அங்கே முதல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. அங்கிருந்தவர்கள் வசதியானவர்கள் இல்லை. தோட்டம் செய்து பிழைக்கிற குடும்பங்கள். தங்கள் காணியை விட்டுக்கொடுத்தார்கள். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வாகனங்கள் வந்துகொண்டே இருந்தன. சொந்தக்காரர்களில் ஓரிருவருக்கு மேல் வரமுடியாத காலம். உறவு கூடவராத உடல்களுக்கு அந்த ஊர்ப் பொடியன்கள் குழி வெட்டினார்கள். ஒரு வருடத்தில் 3600-க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். ஆனால் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கேதான் கிடக்கிறார்கள். மண் மறுக்கப்பட்ட சமூகத்தின் ஏழை ஊர் ஒன்று, வந்த எல்லோருக்கும் மண் கொடுத்தது. இந்த நாட்டில் மத ஒழுக்கம் அயலவர் அன்பாக மலர்ந்ததற்கு யாராவது உதாரணம் கேட்டால் நான் அந்த ஊரைத்தான் காட்டுவேன். சர்வமத மேடை எதையும் காட்டமாட்டேன்.

தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கிழக்கிலே மேடைக்கு மேடை சொல்வார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்ற கோரிக்கையும் போனது, முஸ்லிம்கள் வழியில் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் கிழமை அந்தச் சொல் உண்மையாக இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முந்தி, குண்டுவெடிப்புக்குப் பிறகு, முஸ்லிம் கடையில் ஒன்றும் வாங்காதீர்கள் என்ற செய்தி எங்கள் தொலைபேசிகளில் சுற்றியபோது எப்படி இருந்தது? எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தலுக்கு வருடாவருடம் சீனி மூட்டை கொடுக்கிற ஒரு முஸ்லிம் கடைக்காரர் இருக்கிறார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த வருடம் மூட்டையை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்தவரை நிர்வாகத்தார் கோவில் வாசலில் வைத்தே, இந்த முறை வேண்டாம் தம்பி, சனம் குடிக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்ப இடமில்லாமல் பின்னுக்கே எடுத்துக்கொண்டு போனார். குருக்கள் வசந்த மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தார். "கொண்டு வாங்கோ, சுவாமிக்கு வந்தது" என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு நிர்வாகத்தாலும் மறுத்திருக்க முடியாது. சனமும் குடித்திருக்கும். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

அந்த ஒரு சொல்லைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

சேர்ந்து விடும் அறிக்கைகளைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள். அவற்றை மற்ற மதத்தவர் கேட்டுக் கைதட்டுகிறார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை குத்பாவிலும், ஞாயிறு மறையுரையிலும், போயா தின தர்ம உபதேசத்திலும், கோவில் பிரசங்கத்திலும், உங்கள் சொந்த மக்கள் மட்டும் இருக்கும்போது, அவர்கள் மொழியில், ஊர் பெயரோடும் சம்பவத்தோடும் பேசுங்கள். முஸ்லிம் செய்த பிழையை மௌலவி சொல்லட்டும், இந்து செய்ததைக் குருக்கள் சொல்லட்டும். பிக்கு 2018-இல் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததைப் பற்றிச் சொல்லட்டும், அருட்தந்தை நீர்கொழும்பின் அகதிகளைப் பற்றிச் சொல்லட்டும். பக்கத்து மதத்துக்காரன் உங்கள் சனத்தின் பிழையைச் சொன்னால் அது சண்டை. நீங்கள் சொன்னால் அது போதனை.

பயம் இருக்கும் என்று தெரியும். கூட்டம் குறையும், நிர்வாகம் முகம் சுளிக்கும், வெளிநாட்டில் இருந்து வரும் நன்கொடை நிற்கும், உன் ஆளா அவங்கள் ஆளா என்று கேட்பார்கள். விஜித தேரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். அதனால்தான் தனித்தனியாக வீரம் காட்டச் சொல்லவில்லை. மகாசங்கத்தினரும், ஜமியத்துல் உலமாவும், ஆயர் மன்றமும், இந்துக் குருமார் ஒன்றியங்களும் தங்கள் தங்கள் ஆட்களுக்கு இதை ஒரு கடமையாக எழுதிக் கொடுக்கலாம். முன்னுக்கு நின்று பேசும் ஒருவர் தாக்கப்பட்டால் அவர் பின்னால் நிற்போம் என்று முன்கூட்டியே சொல்லலாம். கடமையென்று வந்துவிட்டால் ஊரில் இருக்கும் ஒரு சின்னக் குருக்களும் நிர்வாகத்திடம், "எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், நான் பேசத்தான் வேணும்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், அந்நியருக்குச் சோறு போடுவதைப் பற்றி உங்கள் மக்களுக்கு இனிச் சொல்லத் தேவையில்லை. அது அவர்களுக்குத் தெரியும், நன்றாகவே செய்கிறார்கள். அடுத்தவன் உடை, அடுத்தவன் தொழுகை, அடுத்தவன் சாவுச் சடங்கு, இவை உங்கள் புனிதத்தை ஒன்றும் செய்யாது என்று சொல்லுங்கள். அவன் உங்களைப்போல் ஆகாவிட்டாலும், ஆக விரும்பாவிட்டாலும், அவன் பக்கத்தில் இருக்க உங்கள் கடவுளுக்குச் சம்மதம் என்று சொல்லுங்கள். இதை நான் சொன்னால், ஓய்வுபெற்ற டீச்சர் ஏதோ சொல்கிறா என்று போய்விடுவார்கள். நீங்கள் சொன்னால் வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள்.

உங்களில் யாராவது பதில் தர விரும்பினால் எனக்கு எழுத வேண்டாம். வருகிற வெள்ளியோ, போயாவோ, ஞாயிறோ உங்கள் சபையில் அதைச் சொல்லுங்கள். இந்த ஊரில் எந்தப் பேச்சும் எங்கள் காதுக்கு வர இரண்டு நாள்கூட எடுக்காது.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை